கம்சாத்கா: எரிமலையும் வெந்நீரும் கரடியும் வாழும் நிலத்துக்குப் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

ரஷ்யப் பள்ளிகளில் வகுப்பின் கடைசி வரிசைக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கம்சாத்கா என்பார்கள். வாத்தியார் கண் எட்டாத மூலை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் பெயர்க்காரணம் விளங்கிவிடும். ஜப்பானுக்கு வடகிழக்கே பசிபிக் கடலுக்குள் சுமார் 1,250 கிலோமீட்டர் நீளத்துக்கு இறங்கிக் கிடக்கும் தீபகற்பம் அது. ரஷ்யாவின் மற்ற பகுதிகளோடு அதை இணைக்கச் சாலை கிடையாது, ரயில் கிடையாது. வானம் வழியாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் கடல் வழியாக.

அங்கே ஏறத்தாழ 300 எரிமலைகள் இருக்கின்றன. அவற்றில் 30 அளவுக்கு இன்னும் உயிரோடிருப்பவை. 1996-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்புவரை, ராணுவக் காரணங்களுக்காக வெளிநாட்டவர் யாரும் உள்ளே நுழைய முடியாத நிலமாக இருந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்சாத்காவுக்குப் பணமும் துணிச்சலும் மட்டும் போதாது. சும்மா உட்கார்ந்திருக்க நான்கு நாள் வேண்டும். அங்கே அட்டவணை போடுவது மூடுபனி. ஒரு நாளும் வீணாகக் கூடாது என்று நிரல் போட்டுக்கொண்டு போகிறவர்கள்தான் எதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த நான்கு நாளை எங்கே ஒளித்துவைப்பது என்பதைப் பற்றியதுதான்.

முதல் படி: மாதம்

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. அவ்வளவுதான் கோடை. ஜூனில் மலைப்பாதைகளில் பனி கிடக்கும், லாரிகள்கூடச் சிக்கிக்கொள்ளும். வெந்நீர் ஊற்றுகள் பீறிட்டடிக்கும் கீசர் பள்ளத்தாக்கையும் கரடிகளின் இணைசேரும் காலமென்று மே பின்பாதியிலிருந்து ஜூன் முடிய மூடிவைப்பது வழக்கம். ஜூலையில் பூக்கள் அள்ளும், கொசுவும் அள்ளும். ஆகஸ்டில் சால்மன் மீன்கள் ஆறு ஏறும், அவற்றுக்காகக் கரடிகள் கரைக்கு வரும். செப்டம்பரில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகும், கொசு அடங்கும், ஆனால் மலைமேல் புதுப்பனி விழத் தொடங்கிவிடும்.

என் தேர்வு ஆகஸ்ட் கடைசி வாரமும் செப்டம்பர் முதல் வாரமும். கரடி இருக்கும், கொசு குறைந்திருக்கும்.

இரண்டாம் படி: கீசரா, கரடியா

இந்தப் பயணத்தின் செலவில் பெரும்பங்கு ஹெலிகாப்டருக்கே போகும். பழைய மி-8 ரகம், இருபது பேர் அளவில் ஏற்றிக்கொண்டு பறப்பது. முக்கியமான இரண்டு இடங்களுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. இரண்டையும் பார்க்க வசதி இருந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

கீசர் பள்ளத்தாக்கு தலைநகரம் பெத்ரோபாவ்லவ்ஸ்குக்கு வடக்கே கிரோனோத்ஸ்கி இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கிறது. (நம் குளியலறையில் வெந்நீர் தரும் கீசர் பெட்டிக்கும் இதே பெயர்தான். ஐஸ்லாந்தில் பீறிட்டடிக்கும் ஒரு ஊற்றின் பெயர் ஊர் ஊராகச் சுற்றி நம் சுவரில் வந்து மாட்டிக்கொண்டது.) 1941 ஏப்ரலில் தத்யானா உஸ்தினோவா என்ற நிலவியலாளரும் அவருடைய வழிகாட்டியான அனிசிஃபோர் குருப்பேனினும் ஓர் ஆற்றைப் பின்பற்றிப் போனபோது, எதிர்க்கரையிலிருந்து கொதிநீர் திடீரெனச் சீறியடித்தது. அந்த முதல் ஊற்றுக்கு ‘பெர்வெனெத்ஸ்’ என்று பெயர் வைத்தார் உஸ்தினோவா. தலைச்சன் பிள்ளை என்று பொருள். அந்தத் தலைச்சனை இன்று பார்க்க முடியாது. 2007 ஜூன் 3 அன்று மலைச்சரிவு ஒன்று பள்ளத்தாக்கில் இறங்கி ஆற்றை மறித்தது. பல ஊற்றுகள் மண்ணுக்கடியிலும் புதிதாக உருவான ஏரிக்கடியிலும் போயின. பிந்தைய ஆண்டுகளில் ஏரி சுருங்க, மூழ்கியவற்றில் சில மறுபடி தலைகாட்டின. பார்வையாளர்கள் மரப்பலகை நடைபாதையில் மட்டுமே நடக்கலாம். பலகைக்கு வெளியே மண் உறுதியாகத் தெரியும். கீழே கொதிக்கும் சேறு இருக்கும். இதே பறப்பில் உசோன் எரிமலைவாயிலும் பெரும்பாலும் சேர்ந்துவரும்.

குரில் ஏரி தெற்கு முனையில் இருக்கிறது. சுமார் 8,400 ஆண்டுகளுக்கு முன் பெரும் எரிமலை வெடிப்பொன்றில் நிலம் உள்வாங்கி, அந்தக் குழியில் நீர் நிரம்பி உண்டான ஏரி. ஆழம் 300 மீட்டருக்கு மேல். ஆசியாவில் சிவப்பு சால்மன் பெருந்திரளாக முட்டையிட வருவது இங்கேதான். ரஷ்யர்கள் அந்த மீனை ‘நெர்க்கா’ என்பார்கள். நல்ல ஆண்டில் லட்சக்கணக்கில் ஓசெர்னயா ஆறு வழியாக ஏறிவரும். ஆறு தொடங்கும் இடத்தில் தடுப்பு கட்டி, மீன்களை எண்ணித்தான் ஏரிக்குள் விடுகிறார்கள். அந்தத் தடுப்பைச் சுற்றிப் பழுப்புக் கரடிகள் அலையும்: ஓடிப் பிடிப்பவை, உட்கார்ந்து காத்திருப்பவை, அடுத்தவர் பிடித்ததைத் தட்டிப் பறிப்பவை, தாய் பின்னால் மூன்று குட்டிகள். பின்னணியில் இல்யின்ஸ்கி எரிமலை கூம்பாக நிற்கும்.

ஒன்றுதான் என்றால் குரில் ஏரி. கீசரை ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் தரை வழியாகவே போய்ப் பார்க்கலாம். காட்டுக் கரடிகளை இத்தனை எண்ணிக்கையில் இவ்வளவு அருகில் பார்க்க உலகில் மிகச் சில இடங்களே உண்டு. கையில் காசிருந்தால் ஒரு நாளில் போய்த் திரும்பாமல் அங்கே ஓரிரு இரவு தங்குங்கள். கரடிகள் மும்முரமாக இருப்பது விடியலிலும் அந்தியிலும். ஒருநாள் சுற்றுலாக்காரர்கள் வந்து நிற்பது உச்சிவெயிலில்.

மூன்றாம் படி: அனுமதிகள்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து ரஷ்ய மின்விசா கிடைக்கிறது. 2025 ஆகஸ்டில் விதியைத் தளர்த்தினார்கள்: விசா 120 நாள் செல்லும், அதற்குள் 30 நாள்வரை தங்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ரஷ்ய வெளியுறவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை இடைத்தரகர்களின் தளங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் வாசகர்கள் தங்கள் நாட்டுக்கான விதியை அதே தளத்தில் பார்த்துக்கொள்ளவும்.

விசா கிடைத்தால் தீபகற்பம் முழுக்கச் சுற்றலாம் என்று நினைத்துவிட வேண்டாம். காப்பகங்களுக்குத் தனி நுழைவுச்சீட்டு வேண்டும். கடலோரப் பகுதிகள் சில எல்லைப் பாதுகாப்பு மண்டலத்தில் வருகின்றன. அங்கே போக வெளிநாட்டவர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. பயண ஏற்பாட்டாளர்தான் செய்து தருவார். மூன்று மாதம் முன்பே கடவுச்சீட்டு நகலை அவருக்கு அனுப்பிவிடுங்கள். அவாச்சா வளைகுடாவின் எதிர்க்கரையில் இருக்கும் வில்யூச்சின்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் தளம் உள்ள மூடிய நகரம். படகில் போகும்போது அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாமல் இருப்பது நல்லது. டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

நான்காம் படி: போய்ச் சேருதல்

சென்னையிலிருந்து பார்த்தால் கம்சாத்கா வடகிழக்கே இருக்கிறது. நாம் போக வேண்டியதோ முதலில் வடமேற்கே: டெல்லி, மாஸ்கோ. அங்கிருந்து ஒன்பது நேர மண்டலங்களைத் தாண்டி ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கிழக்கே. மூக்கைச் சுற்றி வளைத்துத் தொடுவதுதான், ஆனால் பலருக்கும் இதுவே எளிய வழி. இன்னொரு வழி சீனா வழியாக விளாதிவஸ்தோக் போய், அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிப்பது. பறக்கும் நேரம் குறையும், மாறும் இடங்கள் கூடும்.

மாஸ்கோவில் ஒரு இரவு தங்குங்கள், போகும்போதும் வரும்போதும். போர் காரணமாக அங்குள்ள விமான நிலையங்கள் முன்னறிவிப்பின்றிச் சில மணி நேரம் மூடப்படுவது நடக்கிறது. மூன்று மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பிடிக்கும் துணிச்சல் வேண்டாம். உங்கள் நாட்டு அரசு வெளியிடும் பயண எச்சரிக்கையையும் டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுங்கள். பயணக் காப்பீடு செல்லுமா செல்லாதா என்பதே சில சமயம் அதைப் பொறுத்திருக்கும்.

இறங்கும் இடம் யெலிசவோ விமான நிலையம். வானம் தெளிவாக இருந்தால் மூன்று எரிமலைகள் அருகருகே நிற்பதை அங்கிருந்தே பார்க்கலாம்: கர்யாக்ஸ்கி (3,456 மீட்டர்), அவாச்சின்ஸ்கி (2,741 மீட்டர்), கசெல்ஸ்கி. உள்ளூர்க்காரர்கள் இவற்றை ‘வீட்டு எரிமலைகள்’ என்றே சொல்கிறார்கள். அருகிலுள்ள தலைநகரம் பெத்ரோபாவ்லவ்ஸ்க். 1740-இல் கடலோடி பேரிங் தன் இரண்டு கப்பல்களோடு வந்து ஒதுங்கிய துறைமுகம். புனித பீட்டர், புனித பால் என்ற அந்தக் கப்பல்களின் பெயர்களே ஊர்ப்பெயராயின.

ஐந்தாம் படி: பணம், தொலைபேசி

நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் 2022 மார்ச்சிலிருந்து வேலை செய்வதில்லை. முழுச் செலவுக்கும் டாலரோ யூரோவோ நோட்டாகக் கொண்டுபோய் மாஸ்கோ வங்கியில் ரூபிளாக மாற்றுங்கள். கசங்காத, கிறுக்கல் இல்லாத நோட்டுகள். ஹெலிகாப்டர் கட்டணத்தை எப்படிச் செலுத்துவது என்பதை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வானிலையால் பறக்காமல் போனால் பணம் திரும்ப வருமா, தேதி மட்டும் தள்ளுமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது.

2025-லிருந்து வெளிநாட்டவருக்கு அங்கே சிம் வாங்குவது முகப்பதிவு, கைரேகை என்று நீளும் வேலையாகிவிட்டது. எப்படியும் ஊரைத் தாண்டினால் சிக்னல் இல்லை. வரைபடத்தையும் ரஷ்ய மொழிபெயர்ப்புச் செயலியையும் இணையமில்லாமல் இயங்கும்படி முன்பே இறக்கி வையுங்கள்.

ஆறாம் படி: பை

மலைமேல் ஆகஸ்டிலும் ஒரே நாளில் வெயில், மழை, பனித்துகள் மூன்றும் வரும். பருத்தி உடை வேண்டாம், நனைந்தால் காயாது. உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி உள்ளாடை, நடுவே கம்பளிச் சட்டை, மேலே காற்றும் மழையும் புகாத சட்டையும் பேன்ட்டும். கணுக்கால் மூடும், ஏற்கெனவே பழகிய மலைக்காலணி. எரிமலைச் சரளை காலணிக்குள் புகாமல் இருக்கக் கணுக்கால் உறை. ஊன்றுகோல் இரண்டு. தலையை முழுக்க மூடும் கொசுவலைத் தொப்பி. கையுறை. எளிதில் எடுக்கும்படி ஒரு நீச்சலுடை, இது ஏனென்று கீழே வருகிறது.

இனிமேல் சாப்பாடு. ஊர் முழுக்க மீன், சிவப்பு மீன்முட்டை, நண்டு. அசைவம் சாப்பிடுபவர்களுக்கு விருந்துதான். ‘உகா’ என்ற மீன்சாற்றை ஒரு குளிர்மாலையில் குடித்துப் பாருங்கள். சைவர்கள் ‘கிரேச்கா’ என்ற பக்வீட் சோற்றையும் உருளைக்கிழங்கு வைத்த ‘வரேனிக்கி’ கொழுக்கட்டையையும் நம்பியிருக்க வேண்டியதுதான். கூடாரத்தில் சமைப்பவர் எல்லோருக்கும் ஒரே பானை வைப்பார். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் கொஞ்சம் கையிலிருந்தால் அந்தக் கிரேச்காவும் இறங்கும். ஆனால் இவற்றைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. காரணம் கரடி.

ஏழாம் படி: தரையில் பன்னிரண்டு நாள்

முதல் நாள் தூக்கம். நம் கடிகாரத்தைவிட ஆறரை மணி நேரம் முந்திய ஊர். மாலையில் ஹலாக்தீர்ஸ்கி கடற்கரைக்குப் போய்வரலாம். எரிமலைச் சாம்பல் கலந்த கரிய மணல், எதிரே முழுப் பசிபிக்.

இரண்டாம் நாளுக்கே ஹெலிகாப்டரைப் பதிவு செய்யுங்கள். பலர் ‘கடைசியில் சிகரம் வைத்தாற்போல் இருக்கட்டும்’ என்று இறுதி நாளுக்குத் தள்ளுவார்கள். மூடுபனி வந்தால் அத்தோடு முடிந்தது. இரண்டாம் நாள் பறக்காவிட்டால் மூன்றாம் நாள், அதுவும் இல்லையென்றால் நான்காம் நாள். அந்த நான்கு சும்மா நாட்களில் இரண்டை இங்கே வையுங்கள். வானிலை சரியில்லை என்று விமானி சொன்னால் வாதாடாதீர்கள். மோசமான பார்வைத்தெளிவில் பறந்த ஹெலிகாப்டர்கள் இங்கே விழுந்திருக்கின்றன; 2024 ஆகஸ்ட் 31 அன்று 22 பேர் இறந்தார்கள்.

அடுத்து முத்னோவ்ஸ்கி, மூன்று நாள். ஆறு சக்கரமும் இழுக்கும் காமாஸ் லாரியின் மேல் பேருந்துப் பெட்டியைப் பொருத்திய வண்டிதான் இங்கே வாகனம். வில்யூச்சின்ஸ்கி கணவாயைத் தாண்டி எரிமலைப் பீடபூமியில் கூடாரம். முத்னோவ்ஸ்கியின் சிறப்பு, உச்சிக்கு ஏறாமலேயே எரிமலை வாய்க்குள் நடந்து போகலாம் என்பது. பனியாறு ஒரு பக்கம் தொங்க, அதன் காலடியில் மஞ்சள் கந்தகம் படிந்த துளைகள் ஜெட் விமானம்போல இரைந்துகொண்டு ஆவி கக்கும். காற்று உங்கள் பக்கம் திரும்பினால் கண்ணும் தொண்டையும் எரியும். நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு விலகுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் உள்ளே போக வேண்டாம். அதே முகாமிலிருந்து மறுநாள் கரேலி எரிமலை, ஏற்றம் எளிது. மூன்றாவது நாள் சும்மா நாள்.

பிறகு அவாச்சின்ஸ்கி, விருப்பமிருந்தால். சுமார் 900 மீட்டர் உயரத்தில் முகாம். அங்கே ‘யெவ்ராஷ்கா’ என்ற தரையணில்கள் காலைச் சுற்றும். உணவு நீட்டாதீர்கள். ஏற ஆறு முதல் எட்டு மணி நேரம், இறங்க அதில் பாதி. கடைசி ஏற்றத்தில் செங்கல்பொடி போன்ற சிவந்த சரளை, இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். உச்சியில் குழி இருக்காது. 1991 வெடிப்பில் வந்த எரிமலைக்குழம்பு வாயை அடைத்து உறைந்து கிடக்கிறது, ஓரங்களில் புகை. வழக்கமாகப் படியேறுவதற்கே மூச்சு வாங்குபவர்கள் முகாமிலிருந்து ‘ஒட்டகம்’ என்ற பாறைவரை நடந்து திரும்பினால் போதும், காட்சி ஒன்றும் குறைவில்லை.

யூரேசியாவின் மிக உயர்ந்த உயிருள்ள எரிமலையான கிளியுச்செவ்ஸ்கயா (சுமார் 4,750 மீட்டர்) இந்தப் பட்டியலில் இல்லை. 2022 செப்டம்பரில் அதில் ஏறப்போன குழுவில் ஒன்பது பேர் இறந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கலாம்.

மிச்ச நாட்களுக்கு எஸ்ஸோ. ஹெலிகாப்டருக்கு வசதியில்லை என்பவர்கள் முழுப் பயணத்தையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். நகரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல், பேருந்தில் ஒரு பகல். எவென், கர்யாக் மக்கள் வாழும் மலைக்கிராமம். வீடுகளைச் சூடாக்குவது நிலத்தடி வெந்நீர். ஊர் நடுவில் திறந்தவெளி வெந்நீர்க் குளம், மாலையானால் ஊரே அதில்தான். மேய்ப்பர்கள், கலைமான்கள், நாய்வண்டிகள். பேரிங்கியா என்ற நீண்ட நாய்வண்டிப் பந்தயம் 1990-இல் இங்கிருந்து தொடங்கியதுதான்.

வெந்நீர்

நகரத்துக்குப் பக்கத்தில் பராத்துன்கா: தங்கும் விடுதிகளும் திறந்தவெளித் தொட்டிகளும் நிறைந்த இடம். வசதி உண்டு, காடு இல்லை. எஸ்ஸோ சாலையில் மால்கி: ஆற்றோரம் கல் அடுக்கித் தடுத்த இயற்கைத் தொட்டிகள். ஊற்று கொதிக்க வரும், ஆற்று நீர் உறைய வரும். இரண்டும் கலக்கும் இடத்தைக் கையால் தேடி உட்கார வேண்டும். முத்னோவ்ஸ்கி பக்கம் தாச்னியே ஊற்றுகள், வேடிக்கை பார்க்க. அருகிலேயே அந்த ஆவியில் மின்சாரம் எடுக்கும் நிலையம்.

குளிப்பதற்கான விதி எளியது. காட்டு ஊற்றில் முதலில் கை, பிறகு கால், பிறகு ஆள். நேற்று இதமாயிருந்த தொட்டி இன்று சுடலாம். கரையோரச் சேறு வெளுத்தோ குமிழிட்டோ இருந்தால் மிதிக்காதீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வாருங்கள். இதயநோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதற்கு முன்பே. நீரைக் குடிக்க வேண்டாம், ஆர்செனிக் கலந்த ஊற்றுகள் இங்கே உண்டு. வெள்ளி நகை போட்டுக்கொண்டு இறங்கினால் கறுத்துப்போகும். சலசலப்பு இல்லாத பள்ளமான இடத்தில் உட்கார்ந்து ஓய்வெடுப்பதும் ஆபத்து, கனமான வாயுக்கள் அங்கே தேங்கும். கீசர் பள்ளத்தாக்குக்கு அருகில் ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்றே ஓரிடம் இருக்கிறது. முயலைத் தேடி நரி, நரியைத் தேடி கரடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வாயுவில் மயங்கிச் செத்துக் கிடப்பது அங்கே வழக்கமான காட்சி. சுற்றுலாவுக்கு அனுமதியில்லை.

கரடி

குரில் ஏரியில் வழிகாட்டியோடு ஆயுதம் ஏந்திய காவலர் வருவார். அவருக்குப் பின்னால், கூட்டமாக, பேசிக்கொண்டு நடங்கள். சத்தமில்லாமல் புதருக்குள் போவதுதான் தவறு. கரடிக்கு நாம் வருவது தெரிய வேண்டும். எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் நிற்கக் கூடாது. மெல்லப் பின்வாங்குங்கள், தணிந்த குரலில் பேசிக்கொண்டே. ஊர்க்காரர்கள் கையில் தீப்பந்தம்போல் எரியும் கைச்சுடர் வைத்திருப்பார்கள். விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேதான் வாங்க வேண்டும்.

இரவு மின்வேலிக்கு உள்ளேதான். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் மிச்சியோ ஹோஷினோ கரடிகளை வாழ்நாளெல்லாம் படமெடுத்தவர். 1996 ஆகஸ்டில் இதே ஏரிக்கரையில், மரக்குடிலில் மற்றவர்களோடு தங்காமல் வெளியே கூடாரத்தில் தூங்கியபோது கரடி தாக்கி இறந்தார். மனிதர் தரும் உணவுக்குப் பழகிய கரடி அது. உங்கள் ஊறுகாய்ப் பாட்டிலைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள் என்றது இதனால்தான்.

நிலம் ஆடினால்

2025 ஜூலை 30 அன்று கம்சாத்கா கரைக்கு அப்பால் 8.8 அளவில் நிலம் அதிர்ந்தது. நான்கு நாள் கழித்து, எழுதப்பட்ட வரலாற்றில் வெடித்ததே இல்லை என்றிருந்த கிரஷேனின்னிக்கவ் எரிமலை வெடித்தது. இது அபூர்வமான கோடை, ஆனாலும் சிறு நடுக்கங்கள் அங்கே சாதாரணம். கடற்கரையில் நிற்கும்போது நடுக்கம் நீடித்தால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். எரிமலைகளுக்கு பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுக்கும் கண்காணிப்புக் குழுவின் அறிக்கையை மலை ஏறும் காலையில் வழிகாட்டியிடம் கேளுங்கள். சாம்பல் எழுந்தால் விமானங்களும் நிற்கும். மிச்சமுள்ள ஒரு சும்மா நாளை, அதனால்தான், கிளம்பும் நாளுக்கு முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

திரும்பும் விமானத்தில் வலப்பக்க ஜன்னலா இடப்பக்கமா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், வானம் மூடியிருந்தால் இரண்டும் ஒன்றுதான். மதியம் பன்னிரண்டுக்குக் கிளம்பினால் ஒன்பது மணி நேரம் பறந்து மாஸ்கோவில் இறங்கும்போது அங்கேயும் ஏறத்தாழ மதியம் பன்னிரண்டு. சூரியன் வழியெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். இன்னொரு மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, பைக்குள் கந்தக வாடையோடு கிடக்கும் துணிகளை விடுதியில் துவைக்கப் போடலாம்.